பொன்னாடைக்கு மறுப்புச் சொல்வது எப்படி

என்னை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது வயது இல்லை, தொலைபேசி. 2009 தொடங்கியதும், மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்து குந்தியிருக்கத் தேவையில்லை, பாதி வேலையைப் போனிலேயே முடித்துவிடலாம் என்று ஏஜென்சிக்காரர் கண்டுபிடித்தார்கள். ஒரு மனிதன் அழுகிறானா, தடிமனில் மூக்கை உறிஞ்சுகிறானா என்று போனில் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அது எங்கட வேலை இல்லை அன்ரி. சொல்லை மாத்திக் குடுத்தாச் சரி," என்றாள் என்னோடு வேலை செய்த சுகன்யா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு, புட்டுக்கு மா குழைத்தபடியே ஒரு விசாரணையை முடித்துவிடலாமாம். செய்யுங்கோ பிள்ளை, நல்லாச் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு இந்த ஐப்பசியோடு நான் விலகிவிட்டேன். விலகும்போது கேக் வெட்டி, "உங்கட அனுபவத்தை எழுதுங்கோ அன்ரி, புதுசா வாற ஆக்களுக்கு உதவும்" என்றார்கள். உதவுமோ தெரியாது. எனக்கு வாயைச் சும்மா வைத்திருக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்த கதை பெரிய கதை இல்லை. ஊரில் கந்தோர் ஒன்றில் தட்டச்சுக்காரியாக இருந்தேன். கல்யாணம் கட்டி லண்டனில் நோர்பரிக்கு வந்து, மனுசன் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடிக்க, நான் மாலை வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி ஒரு சான்றிதழ் வாங்கினேன். அங்கே படிப்பித்தது ஒன்றே ஒன்றுதான்: நீ ஒரு குழாய். இந்தப் பக்கம் தமிழ் போகவேண்டும், அந்தப் பக்கம் இங்கிலீசு வரவேண்டும். நடுவில் குழாய் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. வந்தவர் "என்னை அடிச்சவங்கள்" என்றால் நானும் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்லவேண்டும், "இவரை" என்று சொல்லக் கூடாது. அந்த வகையில் இங்கிலீசில் நான் எத்தனையோ தரம் சிறைக்குப் போயிருக்கிறேன், கள்ளத் தோணியில் கடல் கடந்திருக்கிறேன், ஒருமுறை அடையாளம் தெரியாமலிருக்க மீசையும் மழித்திருக்கிறேன்.

எனக்கு மேலதிகாரி என்று சொல்லக்கூடியவர் ஹெலன். அகதி வழக்குகளை எடுத்து நடத்தும் சட்டத்தரணி. குரோய்டனில் ட்ராம் போகிற தெருவில், கோழிப் பொரியல் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய கந்தோர். எங்கள் சனம் வாழ்க்கையின் மிகக் கொடுமையான பக்கத்தை அந்தப் பொரியல் மணத்துக்குள் இருந்துதான் சொல்லி முடித்தது. ஹெலன் சைக்கிளில் வருவார், ஆப்பிளை விதையோடு தின்பார், யாருக்கும் "ஐயோ பாவம்" சொல்லமாட்டார். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு தாய் தன் மகனைக் கொண்டுபோன கதையைச் சொல்லி விம்மிக்கொண்டிருக்க, இவர் பேனையை வைத்துக்கொண்டு, "வாசல் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்பார். மனுசிக்கு நெஞ்சில் என்ன கல்லோ என்று நினைத்திருக்கிறேன்.

பிறகுதான் விளங்கியது. "பயம், துக்கம் எல்லாரிடமும் இருக்கிறது, பொய் சொல்கிறவனிடமும் இருக்கிறது" என்று ஒருநாள் சொன்னார். "வாசல் எந்தப் பக்கம் என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும்." ஹெலனுடைய முறை அதுதான். கதையை முன்னிருந்து பின்னே கேட்பார், பின்னிருந்து முன்னே கேட்பார், உட்கார்ந்திருந்த கதிரையைக் கேட்பார், கதிரையின் நிறத்தைக் கேட்பார். கையை எங்கே வைத்திருந்தாய் என்று கட்டாயம் கேட்பார். வாக்குமூலம் முடிந்ததும் நான் அதை முழுவதும் தமிழில் திருப்பி வாசிக்கவேண்டும். வந்தவர் "ஓம்" சொன்னபிறகுதான் கையெழுத்து.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன். ஆளின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரைச் சொல்லமாட்டேன். வேலை போனாலும் வாயைப் பூட்டுகிற சத்தியம் போகாது.

தவராசா என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்காரர். ஊரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகவும் அந்த டிப்போத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தவர். இந்த வருடம் மாசிப் பனியில், யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் சுருங்கி ஹெலன் முன்னால் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை இந்த நாட்டு அரசாங்கம் ஏற்கெனவே நிராகரித்திருந்தது. அந்த மறுப்புக் கடிதத்தில் ஒரு பந்தி: உமது நாட்டு அரசாங்கம் உம்மைப் பகிரங்க மேடையில் ஏற்றிக் கௌரவித்திருக்கிறது, அதற்குப் படமும் இருக்கிறது, ஆகவே அந்த அரசாங்கத்தால் உமக்கு ஆபத்து என்பதை நம்ப முடியாது.

நான் அதைத் தமிழில் வாசித்தேன். தவராசா கேட்டுவிட்டு, "வடிவாத்தான் எழுதியிருக்கினம்," என்றார். "நான் அவையின்ர இடத்தில இருந்தாலும் நம்பமாட்டன்."

நடந்தது இதுதான். டிப்போவில் இரண்டு கொண்டக்டர்களை அரசாங்க ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர், தவராசாவோடு தினமும் தேத்தண்ணி குடிக்கிற குணம் என்ற சாரதியின் தம்பி. மற்றவர் கடைசியாக வேலைக்கு வந்த பையன். இரண்டு பேரையும் விடாவிட்டால் பஸ் ஓடாது என்று சங்கம் சொன்னது. ஊர் நாட்டாண்மை அப்போது ஒரு பெரிய அரசாங்க அதிகாரியின் கையில் இருந்தது. சனம் அவரைப் "பெரியவர்" என்றே சொல்லும். சங்கத்தை அவர் தடை செய்வார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சங்கத்தைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாராம்.

"தடை செய்தா நாங்கள் வீரர், அக்கா. அது அந்த ஆளுக்குத் தெரியும். அவர் ஒரு நாளும் கத்தினதில்லை. என்ர பிள்ளையளின்ர பேரைச் சொல்லி, எப்பிடிப் படிக்கினம் எண்டு கேட்டவர்," என்றார் தவராசா.

மாதம் ஒருமுறை பெரியவரின் மண்டபத்தில் இணைப்புக் கூட்டம். மீனவர் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் சபை, எல்லாவற்றிலும் இருந்து ஆள் போகவேண்டும். மரண உதவிச் சங்கமும் போகவேண்டும். செத்தவீட்டுக்குக் கதிரை கொடுக்கிற சங்கம் அரசாங்கத்துக்கு என்ன சதி செய்யும் என்று நான் மனதுக்குள் கேட்டேன். குழாய் வாயைத் திறக்கவில்லை. ஹெலனே அதைக் கேட்டார்.

"நாலு பேர் கூடுற இடமெல்லாம் அவைக்கு ஒண்டுதான்," என்றார் தவராசா. "கூட்டத்தில தேத்தண்ணியோட தின்ன ரோல்ஸ் குடுப்பினம், நல்ல ரோல்ஸ். என்ன குறை எண்டு கேட்பினம். டிப்போவில பொம்பிளையளுக்குக் கக்கூசு இல்லையெண்டு சொன்னன். அடுத்த மாசமே கட்டித் தந்தவை. கட்டிப்போட்டு, 'தவராசா கேட்டார், நாங்கள் தந்தோம்' எண்டு பலகை நட்டவை. கக்கூசு வாசலில என்ர பேர்."

ஹெலன் சிரிக்கவில்லை. பலகை எந்த நிறம் என்று கேட்டார். நீலம் என்றார் தவராசா. எனக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினேன்.

இப்படியே கேட்டதெல்லாம் கிடைத்தது, அந்த இரண்டு பேரைத் தவிர. டிப்போவுக்குள் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு சங்கமும் முளைத்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு நல்ல ஷிப்ட். அப்படியும் பாதிப் பேர் தவராசாவோடு நின்றார்கள். பஸ்ஸை நிற்பாட்ட நாள் குறித்தார்கள். அதற்கு முதல் வந்தது மே தினம்.

பெரியவர் ஆட்களே மே தின மேடை போட்டு, எல்லாச் சங்கங்களையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், அதுவும் தவராசா பழுது பார்த்த பஸ்ஸில். கூட்டத்தின் நடுவில் அவருடைய பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் ஹெலன் பேனையை நிமிர்த்தினார். எங்கே நின்றீர், யார் பக்கத்தில், கை எங்கே இருந்தது. தவராசா எழும்பி நின்று செய்து காட்டினார். மேடைக்கு ஏறியதும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அவருடைய வலக்கையில் பூச்செண்டைக் கொடுத்தது. இன்னொருவர் இடக்கையில் ஒரு நினைவுக் கேடயத்தைக் கொடுத்தார். பிறகுதான் பெரியவர் பின்னால் இருந்து பொன்னாடையைப் போர்த்தினார்.

"ரெண்டு கையிலும் சாமான் குடுத்தாச்சு. எந்தக் கையால தடுக்கிறது? தலை தன்ர பாட்டில குனிஞ்சிட்டுது. சிரிச்சும் போட்டன். படக்காரன் முன்னுக்கே நிண்டவன்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெரியவர் மைக்கைப் பிடித்து, தவராசாவின் ஒத்துழைப்புக்கு நன்றியாகப் பிடிபட்டவர்களில் ஒருவரை விடுகிறோம் என்று அறிவித்தார். அந்தக் கடைசிப் பையனை மேடையிலேயே தாயிடம் ஒப்படைத்தார்கள். குணத்தின் தம்பி வரவில்லை. சனம் கை தட்டியது. குணம் கூட்டத்துக்குள் நின்று தவராசாவையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

மறுநாள் டிப்போவில் அவரோடு தேத்தண்ணி குடிக்க ஆள் இல்லை. என்ன ஒத்துழைப்பு, யாருடைய பெயரைக் கொடுத்து யாரை எடுத்தாய் என்று ஒருவரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. பஸ் நிற்பாட்டுகிற கதையையும் பிறகு யாரும் எடுக்கவில்லை. சங்கத்தை ஒரு துணித்துண்டால் மூடிவிட்டார்கள். அடுத்த கிழமை பெரியவர் கூப்பிட்டு, இனி நீ எங்கள் ஆள்தானே, பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னவர்களின் பெயரைத் திங்கட்கிழமை கொண்டுவா என்றார். தவராசா ஞாயிற்றுக்கிழமை ஊரை விட்டுக் கிளம்பினார். அவரைத் தேடிப் போனவர்கள் மச்சானின் கையை முறித்தார்கள்.

அவருக்கு இரண்டு கவலை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்பது ஒன்று. மற்றது குணம். "நான் ஒருத்தற்ர பேரையும் குடுக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியவேணும்," என்று ஒவ்வொரு முறையும் முடிப்பார். அது வழக்குக்கு வேண்டாத விஷயம் என்று ஹெலன் எழுதாமல் விடுவார். தவராசா மறுபடி சொல்லுவார். கடைசியில் ஹெலன் எழுதினார்.

ஆனால் ஹெலனுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "வேண்டாம், நன்றி என்று ஏன் சொல்லவில்லை?" நான் அதைத் தமிழாக்கினேன். தவராசா என்னைப் பார்த்தார். பொன்னாடைக்கு வேண்டாம் சொல்லுகிற தமிழனை நானும் கண்டதில்லை. லண்டனில் எந்தப் பழைய மாணவர் சங்கத்துக்குப் போனாலும் யாருக்காவது போர்த்தாமல் கூட்டம் முடியாது. ஒருமுறை நேரத்துக்கு வந்ததற்காகவே எனக்கும் போர்த்தினார்கள். அதையெல்லாம் சொல்ல நாக்குத் துடித்தது. குழாய், குழாய் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

அந்த இளவேனில் எங்களில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஊரில் போரின் கடைசி மாதங்கள்; நோர்பரியில் ரயிலேறுகிற சனமெல்லாம் அதை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்ற வாசலுக்குத்தான் போனது. ஊரில் இருந்து வருகிற செய்தியைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போய், அதே ஊரின் கதையைச் சத்தம் நடுங்காமல் இங்கிலீசில் சொல்லவேண்டும். எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வரும். தவராசாவின் மேல்முறையீடு ஆவணியில் எடுக்கப்பட்டது.

ஹெலனே வாதாட வந்தார். நீதிமன்றத்துக்கென்று வேறு மொழிபெயர்ப்பாளர் இருந்ததால் நான் ஹெலனுக்குத் துணையாகப் பின்னால் இருக்க மட்டுமே போனேன். விசாரணைக்கு முதல், நீதிமன்ற அறைக்கு வெளியே நடையில் நின்றோம். ஹெலனின் ஒரு கையில் கோப்பி, மற்றக் கையில் வழக்குக் கட்டு. தவராசா ஒரு கடைப் பையோடு வந்தார். பையிலிருந்து சரசரவென்று மஞ்சளாக ஒன்று வெளியே வந்தது.

"தம்பி, விசரே உமக்கு? இஞ்சை வேண்டாம்," என்றேன்.

"நன்றி சொல்லாமல் உள்ளுக்குப் போறது முறையில்லை அக்கா. வெண்டாலும் தோத்தாலும் இந்த மனுசி எனக்காகக் கஷ்டப்பட்டது," என்றபடி பின்னால் போய் ஹெலனின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். பொன்னாடையால் குடிகெட்ட மனுசன் கடை தேடிப் பொன்னாடை வாங்கி வந்திருக்கிறார். இதை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யார் செய்வார்கள்?

ஹெலன் அப்படியே நின்றார். ஒருவருக்கும் "ஐயோ பாவம்" சொல்லாத அந்த மனுசி தலையைக் குனிந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அரசாங்கத் தரப்பில் வாதாடவிருந்த அலுவலர், கண்ணாடி போட்ட சாதுவான ஒரு வாலிபர், எங்களைக் கடந்து போனார். "வாழ்த்துக்கள், இப்போதே வென்றுவிட்டீர்களா?" என்று பகிடி விட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. பொன்னாடைக்குச் சிரிப்பதை எதிர்த்தரப்பே கண்ணால் கண்டுவிட்டது, வழக்குக் கெட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே அந்த வாலிபர் படத்தை எடுத்தார். "இதில் நீர் சிரிக்கிறீர் அல்லவா?"

"ஓம்."

"கட்டாயப்படுத்தப்பட்டவர் மாதிரித் தெரியவில்லையே?"

"தெரியாதுதான்," என்றார் தவராசா.

நீதிபதி வெள்ளைத் தலை மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நீர் மறுத்திருக்கலாம்தானே?" என்று கேட்டார். தவராசா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார், பூச்செண்டு, கேடயம் என்றார். நீதிபதிக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

ஹெலன் எழும்பினார். பொன்னாடை மடித்து அவருடைய கட்டின் மேல் கிடந்தது. "ஐயா, வழக்காடுகிற நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு நண்பர் சற்று முன் வெளியே நடையில் என்னைக் கண்டார். எனக்கு இந்தத் துணி தேவையில்லை. விசாரணைக்கு முதல் இப்படி ஒன்று நடப்பது எனக்குப் பெரிய சங்கடம். என் ஒரு கையில் கோப்பி இருந்தது, மற்றதில் இந்தக் கட்டு. நான் என்ன செய்தேன் என்று அவரையே கேளுங்கள்."

நீதிபதி வாலிபரிடம் திரும்பினார். "அவர் என்ன செய்தார்?"

வாலிபர் சிவந்துபோனார். நேர்மையான பிள்ளை, நன்றாக இருக்கவேண்டும். "சிரித்தார் ஐயா. தலையும் குனிந்தார்."

"வேண்டாதவர் மாதிரித் தெரிந்ததா?"

"இல்லை ஐயா. மிகவும் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்து வாழ்த்தும் சொன்னேன்."

நீதிபதி பேனையை எடுத்து நெடுநேரம் எழுதினார். அவ்வளவு காலம் குழாயாக இருந்து நான் அடக்கி வைத்த விளக்கத்தையெல்லாம் ஒரு மஞ்சள் துணி சொல்லி முடித்துவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழும்பி நின்று கை தட்டவேண்டும் போலவும் இருந்தது.

தீர்ப்பு தபாலில் வந்தபோது நான் வேலையை விட்டுவிட்டிருந்தேன். தவராசா வென்றுவிட்டார், இங்கே இருக்கலாம். தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நோர்பரியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலையில் இருக்கும்வரை வழக்குக்காரரை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. இப்போது என்னை யார் கேட்கிறது? தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அவர் கேட்ட பந்தியைத் தமிழில் வாசித்தேன். இவர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று நான் காண்கிறேன், மேடையில் நடந்தது இவரைச் சொந்த ஆட்களிடமிருந்து பிரிப்பதற்காகச் செய்யப்பட்டது என்று நான் காண்கிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார். மறுபடி வாசியுங்கோ என்றார். வாசித்தேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

குணம் இப்போது திருச்சியில் ஒரு மகளோடு இருக்கிறாராம். நம்பரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். என் குசினி மேசையில் இருந்தபடியே போன் எடுத்தார். அங்கே பின்னேரம். சத்தத்தைப் பெரிதாக வைத்து, நான் சொன்ன பந்தியைத் தன் வாயால் குணத்துக்குச் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் நல்ல ஆள்.



"ஆர் எழுதித் தந்தது?" என்றார் குணம்.

"நீதவான்."

"அரசாங்கத்து நீதவானோ?"

"ஓம், இந்த நாட்டு அரசாங்கம்."

"அண்டைக்கும் ஒரு அரசாங்கம் மேடையில ஏத்தி உனக்கு நல்ல பேர் தந்தது. இண்டைக்கு இன்னொண்டு தந்திருக்கு. சந்தோசம். என்ர தம்பி எங்கை?"

தவராசா பதில் சொல்ல வாயெடுக்க முதல் போன் வைக்கப்பட்டுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த ஆளைத் திரும்ப எடுங்கோ, நான் கதைக்கிறன், அறிவில்லையோ அவருக்கு என்று சத்தம் போட்டேன். தவராசா தீர்ப்பை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"விடுங்கோ அக்கா," என்றார். "அவன்ர இடத்தில நான் நிண்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பன்."